மதிப்பெண் வராத அழைப்பு

தற்கொலைத் தடுப்பு உதவி எண் ஒரு பழைய மருந்தகத்தின் மாடியில் இயங்கிய காலத்தில் அங்கே யாரும் யாரையும் சந்தேகப்பட்டதில்லை. சந்தேகப்பட இடமே இல்லை என்றும் சொல்லலாம். ஆறு நாற்காலி, ஆறு தொலைபேசி, ஒரே ஒரு மின்விசிறி. ஒருவர் பேசுவது மற்ற ஐவர் காதிலும் விழும். எதிர்முனையில் யாராவது உடைந்து அழுதால், ஹெட்செட் போட்டிருப்பவரின் முகத்தைப் பார்த்தே பக்கத்தில் இருப்பவர் புரிந்துகொண்டு ஒரு டம்ளர் தண்ணீரை நகர்த்தி வைப்பார்.

பிறகு அரசு அந்தச் சேவையை மாநிலம் முழுவதற்கும் விரிவாக்கியது. மனப்பாடம் செய்யவே வேண்டாத மூன்று இலக்க எண். புதுக் கட்டிடத்தின் நான்காம் மாடியில் நாற்பது இருக்கைகள், கண்ணாடித் தடுப்புகள், சுவரில் ஒரு பெரிய திரை. எத்தனை பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள், எத்தனை பேர் வரிசையில் காத்திருக்கிறார்கள் என்று அது நொடிக்கு நொடி காட்டிக்கொண்டிருக்கும். முன்பு பத்துப் பேர் அழைத்தால் நாலு பேருக்குப் பதிவுக் குரல்தான் கிடைக்கும். இப்போது அந்த நாலு பேருக்கும் மனிதக் குரல் கிடைத்தது. நல்ல காரியம்தான், அதை யாரும் மறுக்கவில்லை.

சிஸ்டரும் மறுக்கவில்லை. பழைய ஆறு பேரில் அவளும் ஒருத்தி. அதற்கு முன் பத்தொன்பது வருடம் அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருந்தவள். அங்கே ஒட்டிக்கொண்ட பெயர் இங்கேயும் கூடவே வந்துவிட்டது. நாற்பத்தாறு வயதில் முழங்கால் நிற்க விடாததால் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு வந்தாள். வந்த பிறகுதான் நிற்பதைவிட உட்கார்ந்து கேட்பதுதான் முதுகை ஒடிக்கிறது என்று தெரிந்தது.

புதுக் கட்டிடத்தோடு சேர்ந்து ஒரு தர அதிகாரியும் வந்தார். ஒரு பெரிய நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையிலிருந்து அழைத்து வரப்பட்டவர். முப்பத்தெட்டு வயதிருக்கும். ஒல்லி. கழுத்தில் எப்போதும் ஒரு இயர்போன் மாலைபோலத் தொங்கும். கூடத்தின் கோடியில் அவருக்கு ஒரு கண்ணாடி கேபின். உள்ளே உட்கார்ந்து பதிவான அழைப்புகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருப்பார். கேட்டுவிட்டு, பதினேழாவது நொடியில்தான் வணக்கம் சொன்னீர்கள், ஆறாவது நிமிடத்தில் குறுக்கே பேசினீர்கள் என்று மின்னஞ்சல் அனுப்புவார். ஒரே வாரத்தில் அவருக்கு 'ஸ்டாப்வாட்ச்' என்று பெயர் விழுந்துவிட்டது.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. இரண்டாவது மாதம் ஒரு சுற்றறிக்கை வந்தது. இனி வாரந்தோறும் பரிசோதனை அழைப்புகள் வரும். பயிற்சி பெற்றவர்கள் துன்பத்தில் இருப்பவர்களைப்போல் நடித்துப் பேசுவார்கள். எந்த அழைப்பு நிஜம், எது நடிப்பு என்று சொல்லப்படாது. இருபத்தைந்து கேள்விகள் கொண்ட தாளில் மதிப்பெண் போட்டு அன்று மாலைக்குள் சம்பந்தப்பட்டவருக்கு அனுப்பி வைக்கப்படும்.

அந்த வாரத்திலிருந்து கூடத்தின் காற்றே மாறிப்போயிற்று. மாடியில் டீ குடிக்கும்போதுகூடப் பேச்சு அதைப் பற்றித்தான். பழைய ஆறு பேரில் இன்னொருவர் ரேடியோ. செய்தி வாசிப்பவரைப்போலக் குரல் என்பதால் அந்தப் பெயர். நடிப்பை எப்படி மோப்பம் பிடிப்பது என்று அவர் ஒரு வகுப்பே எடுத்தார். நிஜமாக அழைப்பவர்கள் சுற்றி வளைத்துத்தான் வருவார்கள், இது இலவசமா என்று கேட்பார்கள், தப்பான எண்ணோ என்பார்கள். நடிப்பவர்கள் முதல் வாக்கியத்திலேயே வாழப் பிடிக்கவில்லை என்று போட்டு உடைத்துவிடுவார்கள். நிஜமாக அழுபவர்களுக்கு மூக்கு ஒழுகும், நடிப்பவர்களுக்கு ஒழுகாது.

சிஸ்டர் முதலில் இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் அவளுக்கும் ஒரு கர்வம் இருந்தது. அவசர சிகிச்சைப் பிரிவில், பரீட்சைக்குப் பயந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவனைக் கதவிலேயே கண்டுபிடித்துவிடுவாள். அந்த மூக்கு சும்மா இருக்குமா? ஒரு நாள் ஒரு அழைப்பு முடிந்ததும், இது நடிப்பு என்று பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் சொன்னாள். மாலையில் மதிப்பெண் தாள் வந்தது. அடுத்த வாரமும் சொன்னாள், அதுவும் சரி. ஐந்தில் நாலு சரியாகச் சொன்னதும் கூடமே அவளை ஒரு மாதிரி மரியாதையோடு பார்த்தது. அந்தப் பேச்சு கேபினுக்கும் போயிருக்க வேண்டும்.

அதன் பின் அவள் அறியாமலே ஒரு பழக்கம் வந்து சேர்ந்தது. யார் பேசினாலும் முதல் இரண்டு நிமிடம் அவர் சொல்வதைக் கேட்காமல், சொல்லும் விதத்தைத்தான் கேட்டாள். ஒரு பெண் புருஷன் அடிக்கிறான் என்று தேம்பினால், அந்தத் தேம்பலுக்கு நடுவே மூச்சு சரியான இடத்தில் விழுகிறதா என்று அவள் காது தேடிற்று. வீட்டிலும் அப்படியே. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தும் அவள் கணவர் ஒரு சாயங்காலம் தலைவலி என்று படுத்தார். அவள் வாசலில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அப்படிப் பாக்கறே? இருபத்தஞ்சுக்கு எவ்வளவு போடப் போறே?" என்றார் அவர்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. தைலத்தைத் தேய்த்துவிடும்போது சிரிப்பு நின்றுவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்குச் சற்று முன்பு, அந்த அழைப்பு வந்தது. ஆண் குரல். தனக்கு இருபத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை, துணிக்கடையில் வேலை பார்த்தேன், போன மாதம் நிறுத்திவிட்டார்கள், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வாழப் பிடிக்கவில்லை என்று ஒரே மூச்சில் சொன்னது. சிஸ்டருக்கு உடனே மூக்கில் வியர்த்தது. பாடம் ஒப்பிக்கும் தோரணை. அது மட்டுமில்லை, குரலும் தெரிந்த குரல். கம்மலாக்கிக்கொண்டு பேசினாலும், வாக்கியத்துக்கு முன்னால் இரண்டு தடவை தொண்டையைச் செருமும் பழக்கத்தை மறைக்க முடியவில்லை. அவள் எட்டிப் பார்த்தாள். கண்ணாடி கேபினில் நாற்காலி காலியாக இருந்தது.

ஆக, ஸ்டாப்வாட்ச் தானே நேரில் ஆழம் பார்க்கிறார். பார்க்கட்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். தாளில் உள்ள இருபத்தைந்தும் அவளுக்கு மனப்பாடம். உணர்வைப் பெயர் சொல்லி அங்கீகரித்தாள். குறுக்கே பேசவில்லை. சாக வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறதா என்று சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்டாள். ஆமாம் என்றது குரல். எப்போதிலிருந்து, ஏதாவது யோசித்து வைத்திருக்கிறீர்களா என்று அடுத்தடுத்துக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. மனுஷன் நன்றாகவே நடிக்கிறார் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டாள். பக்கத்து இருக்கைப் பெண்ணுக்குக் கண்ணைக் காட்டினாள், அவள் புரிந்துகொண்டு வாயைப் பொத்திச் சிரித்தாள். பதினாலாவது நிமிடத்தில், மீண்டும் எப்போது வேண்டுமானாலும் அழைக்கலாம் என்று சொல்லி முடித்தாள்.

"சரிங்க. நல்லாப் பேசினீங்க" என்றது குரல். வைத்துவிட்டது.

அன்று மாலை மதிப்பெண் தாள் வரவில்லை.

புதன்கிழமையும் வரவில்லை. தர அதிகாரி வழக்கம்போல் வந்தார், கேபினில் உட்கார்ந்தார். அவளைக் கடந்து போகும்போது திரையைப் பார்த்துக்கொண்டே போனார். இத்தனை நாளில் ஒரு தாள்கூட ஆறு மணியைத் தாண்டியதில்லை. ஸ்டாப்வாட்சே தாமதமாக ஓடினால் அதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. ரேடியோ அந்த நெருப்பில் எண்ணெய் ஊற்றினார். மூன்று மாவட்டங்களில் கிளை திறக்கப் போகிறார்கள், பழைய ஆட்களைக் கழற்றிவிட்டுப் புதுப் பிள்ளைகளைப் போடத் திட்டம், அதற்கு ஒவ்வொருவர் பேரிலும் கோப்பு தயாராகிறது என்று அடித்துச் சொன்னார். உன் தாளைப் பதுக்கி வைத்திருக்கிறார் என்றால் அதில் என்ன எழுதியிருக்கிறாரோ என்றார். அன்றைக்குக் கண்ணைக் காட்டிச் சிரித்தது எங்காவது கேமராவில் விழுந்திருக்குமோ?

தன் அழைப்புகளைத் தானே கேட்டுப் பார்க்கும் அனுமதி மூத்தவர்களுக்கு உண்டு. வியாழக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் டிபன் பாத்திரத்தைத் திறக்காமல் அந்தப் பதிவைத் திறந்தாள். எங்கே தப்பு செய்தோம் என்று தெரிந்துகொண்டு, கேட்டால் சொல்ல ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொள்வதுதான் அவள் எண்ணம்.

முதல் ஏழு நிமிடம் ஒரு குறையும் இல்லை. கேட்கவே பெருமையாக இருந்தது. எட்டாவது நிமிடத்தில், சாக வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறதா என்ற கேள்வி. ஆமாம் என்ற பதில். அதற்கு அப்புறம் ஒரு மௌனம். நேரில் அது இவ்வளவு நீளமாகப் படவில்லை. பதிவில் பதினொரு நொடி. அந்த மௌனத்தில் அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தது லேசாகக் கேட்டது. அதற்குள் இவள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டிருந்தாள்.

ஒன்பதாவது நிமிடத்தில் அவர் சொன்னார்: "பொண்ணு நினைப்பு வரும்போது மட்டும் கொஞ்சம் தள்ளிப் போடறேன். நாலு மாசமா அவளைப் பாக்கலை."

சிஸ்டர் பதிவை நிறுத்தினாள். பின்னால் தள்ளி மறுபடி கேட்டாள். இருபத்தெட்டு வயது, கல்யாணம் ஆகாதவன். அவனுக்கு ஏது மகள்? தப்பாகக் கேட்டிருப்போமோ என்று மூன்றாவது முறையும் கேட்டாள். பொண்ணு என்றுதான் இருந்தது. அந்த இடத்தில் அவளுடைய குரல், "அது நல்ல விஷயம், அதைப் பிடிச்சுக்கோங்க" என்றது. வாழ ஒரு பிடிப்பைக் காட்டிக் கொடுத்தாரா என்ற பதினெட்டாவது கேள்விக்கான முழு மதிப்பெண் அந்த வாக்கியத்தில் இருந்தது. அதைச் சொன்ன நேரத்தில்தான் அவள் பக்கத்து இருக்கைக்குக் கண்ணைக் காட்டியிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு அவர் துணிக்கடையைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அம்மாவைப் பற்றியும் இல்லை. தொண்டையைச் செருமவும் இல்லை. பதினொரு மணிக்கு, வாரா வாரம் செவ்வாய்க்கிழமை ஓட்டிப் பார்க்கும் ஜெனரேட்டர் கிளம்பிற்று. பதிவில் அந்த உறுமல் அவர் பக்கத்திலிருந்துதான் பெரிதாகக் கேட்டது. ஜெனரேட்டர் இருப்பது இதே கட்டிடத்தின் பின்படிக்கட்டுக்குக் கீழே.

நடுவில் இரண்டு நாள் ஓடிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் இயர்போனை மாட்டிக்கொண்டு யாருடைய அழுகையையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

இதுவும் பரிசோதனையின் ஒரு பகுதியாக இருந்தால்? கதை மாறுவதைக் கவனிக்கிறாளா என்று பார்க்க வேண்டுமென்றே சொருகியிருந்தால்? போய்க் கேட்டால், அழைத்தவரின் அடையாளத்தைத் தேடிப் போனதாக வேலைக்கே உலை வைக்கலாம். ரேடியோ கேள்விப்பட்டால் கைகொட்டிச் சிரிப்பார். பிறகு ஒரு கணக்குப் போட்டாள். நடிப்பென்று தெரிந்தால் போவது தன் மானம். நிஜமென்றால் போவது ஒரு உயிர். எழுந்து போய்க் கேபின் கதவைத் தட்டினாள்.

அவர் இயர்போனைக் கழற்றினார்.

"செவ்வாய்க்கிழமை பதினோரு மணி அழைப்புக்குத் தாள் வரலை, சார்."

"எந்த அழைப்பு?"

"துணிக்கடைக்காரர்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. அனுப்பி வைக்கிறேன், விட்டுப்போயிருக்கும் என்று கணினிப் பக்கம் திரும்பி எதையோ தட்டினார். தட்டியது ஒரே விசையைத்தான், திரும்பத் திரும்ப. சிஸ்டர் கதவைச் சாத்திவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் உட்காரச் சொல்லவில்லை.

"மார்க் வேண்டாம் சார். ஒண்ணு கேக்கணும். அன்னிக்கும் கேட்டேன். ஆனா தாளுக்காகக் கேட்டேன். இப்ப உங்களைக் கேக்கறேன். செத்துப் போயிடலாம்னு நினைக்கிறீங்களா?"

அவர் பதில் சொல்லவில்லை. இந்தத் தடவை அவள் அடுத்த கேள்விக்குப் போகவில்லை. வெளியே நாற்பது வாய்கள் அசைவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. அவர் மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்தார், குடிக்காமலே மூடினார்.

"எப்பத் தெரிஞ்சது?" என்றார் கடைசியில்.

"குரல் அன்னிக்கே தெரிஞ்சது. மத்தது இப்பத்தான்."

அதன் பிறகு அவர் பேசினார். பேசியதெல்லாம் வரிசையாக இல்லை. நாலு மாதத்துக்கு முன் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். தப்பு தன் பேரில்தான் என்றார், என்ன தப்பு என்று சொல்லவில்லை. தூக்கம் வருவதில்லை. ஒரு நாளைக்கு முப்பது அழைப்பு கேட்கிறார், முப்பதையும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறார், அங்கே இறக்கி வைக்க ஆள் இல்லை. மாநிலத்தில் எந்த மூலையிலிருந்து அழைத்தாலும் இந்த ஒரு எண்தான். இங்கே வரும் அழைப்பெல்லாம் பதிவாகும், பதிவைக் கேட்கிறவரும் அவரேதான். வேறு எங்கே போவது என்று தெரியவில்லை. பரிசோதனைக்காக எழுதி வைத்த கதையில் ஆரம்பித்தால் பாதியில் தன் கதைக்கு மாறிக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

"உங்க குரல் வந்ததும் வச்சிடலாம்னுதான் பாத்தேன்" என்றார்.

"ஏன் வைக்கலை?"

"நீங்க எல்லாத்தையும் கண்டுபிடிச்சிடறீங்கன்னு சொன்னாங்க. என்னையும் கண்டுபிடிப்பீங்கன்னு நினைச்சேன்."

சிஸ்டர் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"தாள் போட உக்காந்தேன். இருபத்தஞ்சுக்கு இருபத்தஞ்சு. ஒரு இடத்துலகூடக் குறைக்க முடியலை. அனுப்பவும் முடியலை" என்றார் அவர்.

அந்த நொடியில்கூட அவளுக்குள் ஒரு மூலை, இதுவும் நடிப்போ என்று நோட்டம் விட்டது. அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. அந்த மூலையை அப்படியே விட்டுவிட்டு வேலையைப் பார்த்தாள். இன்றைக்கு ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் உண்டா என்று கேட்டாள். தெரியவில்லை என்றார். தெரியவில்லை என்றால் தனியாக இருக்கக் கூடாது என்றாள். யாரைக் கூப்பிடலாம் என்று கேட்டதற்கு ரொம்ப நேரம் யோசித்து, ஊருக்கு வெளியே தையல் கடை வைத்திருக்கும் அக்காவின் எண்ணைச் சொன்னார். அக்காவிடம் பேசி இரண்டு வருடம் ஆகிறதாம். சிஸ்டரே பேசினாள். அந்த அம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை, கடையைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்றார். ஒரு மணி நேரத்தில் தோளில் அளவு நாடா தொங்கத் தொங்க வந்து நின்றார். மூவருமாக ஆட்டோவில் மனநல மருத்துவரிடம் போனார்கள். போகும் வழியெல்லாம் அக்கா தம்பியின் மணிக்கட்டைப் பிடித்தபடியே இருந்தார். சின்னப் பையன் ரோட்டில் ஓடிவிடுவானோ என்று பிடிப்பதுபோல இருந்தது அது. அவர் ஒரு தடவைகூட உருவிக்கொள்ளவில்லை.

தர அதிகாரி விடுப்பில் போனார். ஐந்து வாரம்.

அழைத்தவர் யார் என்று வெளியே சொல்லக் கூடாது, அது அந்த வேலையின் முதல் பாடம். சிஸ்டர் வாய் திறக்கவில்லை. வாய் திறக்காததற்கு விலை இருந்தது. வேலை நேரத்தில் கேபின் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள், இருவரும் சேர்ந்து வெளியே போனார்கள், மறுநாளிலிருந்து அவர் இல்லை, இவள் மட்டும் இருக்கிறாள். இதைக் கூடம் சும்மா விடுமா? அவள் மேலிடத்தில் வத்தி வைத்து அவரைக் கிளப்பிவிட்டாள் என்றது ஒரு கட்சி. இருவரும் சேர்ந்து ஏதோ பேரம் பேசிவிட்டார்கள் என்றது இன்னொரு கட்சி. ரேடியோ டீ குடிக்கக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். பக்கத்து இருக்கைப் பெண்கூட இவள் வந்ததும் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். இத்தனை நாள் மற்றவர்களை எடைபோட்டது எதிர்முனையில் பேசியவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அவளுக்கு அப்போது நன்றாக உறைத்தது.

இரண்டாவது வாரம் அவள் உதவி எண் சேவையின் இயக்குநர் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினாள். சொல்லாமல் செய்யும் பரிசோதனையை நிறுத்த வேண்டும், அழைக்கிறவர்களை நம்பும் பழக்கமே போய்விட்டது, எனக்கே போய்விட்டது. இங்கே வேலை செய்கிறவர்கள் அழைப்பதற்குத் தனியாக ஒரு எண் வேண்டும், அதை இங்கே உள்ளவர்கள் எடுக்கக் கூடாது, பதிவும் செய்யக் கூடாது. இயக்குநர் அம்மா அவளை வரச் சொன்னார். கடிதத்தை இரண்டு முறை படித்ததாகச் சொன்னார்.

"உங்க தாள் ஒண்ணு காணலைன்னு பேச்சு அடிபடுது. மார்க் குறைஞ்சதால எழுதறீங்களா?"

இல்லை என்றாள். அப்படியானால் திடீரென்று இது எங்கிருந்து வந்தது, யாருக்காவது ஏதாவது ஆயிற்றா என்று கேட்டார் இயக்குநர். சிஸ்டர் மேசை ஓரத்தைப் பார்த்தாள். பெயர் சொல்லாமல், இங்கே ஒருவர் உதவி கேட்டார், நடிப்பென்று நினைத்து நான் கேட்கத் தவறிவிட்டேன், அவர் இப்போது உயிரோடு இருக்கிறார், அவ்வளவுதான் சொல்ல முடியும் என்றாள். இயக்குநர் பேனாவை மூடித் திறந்தார். நம்பினாரா என்று அவர் முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.

ஆனாலும் மாதக் கடைசியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. பரிசோதனை அழைப்புகள் இனி பயிற்சி வகுப்பில் மட்டும், முன்கூட்டியே சொல்லிவிட்டு. ஊழியர்களுக்கான தனி எண் பரிசீலனையில் இருக்கிறது. பாதி கிடைத்தது. மீதிப் பாதிக்கு அவள் மாதம் ஒரு நினைவூட்டல் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

ஆறாவது வாரம் அவர் திரும்பி வந்தார். தர அதிகாரியாக இல்லை. புதிதாகத் திறக்கும் மாவட்டக் கிளைக்கு இருக்கை, இணைப்பு, ஆள் நியமனம் எல்லாவற்றையும் பார்க்கும் வேலையைக் கேட்டு வாங்கியிருந்தார். கொஞ்சம் சதை போட்டிருந்தது. மாத்திரையால் எப்போதும் தூக்கக் கலக்கமாக இருக்கிறது, ஆனால் தூங்குகிறேன் என்றார். அக்கா வீட்டில்தான் இருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமைகளில் மகளோடு பேச முடிகிறதாம், பத்து நிமிடம், அந்தப் பக்கம் ஸ்பீக்கரில் போட்டு எல்லாரும் கேட்கிறார்கள், பரவாயில்லை என்றார்.

லிஃப்ட் வாசலில் நின்று இதைச் சொல்லிவிட்டு, கதவு திறந்த பிறகும் உள்ளே போகாமல் தயங்கினார்.

"யார்கிட்டயாவது சொன்னீங்களா, சிஸ்டர்?"

"உங்க பேரை வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்லலை."

"நிஜமாவா?"

"நிஜமா."

அவர் தலையாட்டினார். முழுதாக நம்பவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. வற்புறுத்தி நம்ப வைக்க அவளிடம் எதுவும் இல்லை. லிஃப்ட் கீழே போன பின் உள்ளே வந்தாள். திரையில் மூன்று பேர் காத்திருந்தார்கள். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு முதல் அழைப்பை எடுத்தாள்.